சதகுப்பை இலையில் பழுப்புப் புள்ளி: கண்டறிவதும் தடுப்பதும்

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் இரண்டு நீளத் தொட்டிகளில் சதகுப்பை விதைத்து ஆறு வாரங்கள் ஆகின்றன. நன்றாகத் தழைத்து வந்த செடிகளில், சில நாட்களாக அடி இலைகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றி, புள்ளிக்கு மேலுள்ள நுனி காய்ந்துவிடுகிறது. இப்போது நடு இலைகளிலும் தென்படுகிறது. மாலையில் பூவாளியால் நீர் விடுகிறேன். பக்கத்துத் தொட்டியில் கொத்தமல்லி இருக்கிறது. வேப்பெண்ணெய் இருமுறை தெளித்தும் பயனில்லை. இது என்ன நோய்? என்ன மருந்து தெளிக்கலாம்? இந்தக் கீரையைச் சாப்பிடலாமா? இதே செடிகளிலிருந்து விதை எடுக்கலாமா?

பதில்: வணக்கம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளைப் பார்த்தால், பூஞ்சாணத்தால் வரும் இலைப்புள்ளி நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அடி இலையில் தொடங்கி மேல்நோக்கி ஏறுவதும், இரவு முழுவதும் இலை ஈரமாக இருக்கும்படி மாலையில் நீர் விடுவதும் அதைத்தான் சுட்டுகின்றன. ஆயினும் வேறு சில கோளாறுகளும் ஏறக்குறைய இதே தோற்றத்தைத் தருவதால், எதையும் தெளிப்பதற்கு முன் உறுதிசெய்துகொள்வது நல்லது. மருந்து உங்கள் கேள்வியில் முன்னால் நிற்கிறது. என் பதிலில் அதற்குக் கடைசி இடம்தான்.

சதகுப்பையில் புள்ளியை அடையாளம் காண்பது அகன்ற இலைக் கீரைகளில் காண்பதுபோல் எளிதன்று. அகன்ற இலையில் புள்ளி வட்டமாக விரிய இடம் இருக்கிறது. நடுவில் வெளிறிய திட்டும், சுற்றிலும் மஞ்சள் வளையமுமாகப் பாடநூலில் உள்ள படத்தைப் போலவே தெரியும். சதகுப்பையின் இலையோ நூல் நூலாகப் பிரிந்தது. ஓர் இழையின் அகலம் பெரும்பாலும் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் இராது. எனவே புள்ளி தோன்றிய சில நாட்களுக்குள் இழையின் முழு அகலத்தையும் சுற்றி வளைத்துவிடுகிறது; அந்த இடம் சுருங்கி, அதற்கு அப்பாலுள்ள பகுதிக்கு நீர் செல்லாமல் நுனி காய்ந்துபோகிறது. தள்ளி நின்று பார்ப்பவருக்கு இது வெறும் நுனிக்கருகலாகத் தெரியும். செடிக்கு நீர் போதவில்லை என்று எண்ணி இன்னும் ஒரு பூவாளி நீரை இலைமேல் ஊற்றுபவர்கள் மிகப் பலர்.

ஆகவே காய்ந்த நுனியை விட்டுவிட்டு, காய்ந்த பகுதியும் பச்சைப் பகுதியும் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். பாதிக்கப்பட்ட இலை ஒன்றைக் காம்போடு கிள்ளி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ் வழியாக நோக்கினால் போதும். அந்த எல்லையில் கரும்பழுப்பு நிறத்தில் ஒரு பள்ளமோ இடுக்கோ இருந்து, அதை ஒட்டிப் பச்சைப் பக்கம் மெல்லிய மஞ்சள் பட்டை தெரிந்தால், அது இலைப்புள்ளி. ஒரே இலையில் சில இழைகள் நடுவிலும், சில அடியிலும், சில நுனியிலும் எனத் தாறுமாறாகப் பாதிக்கப்பட்டிருக்கும். அதற்கு மாறாக, எல்லா இழைகளும் நுனியிலிருந்து ஏறக்குறைய ஒரே நீளத்துக்குக் காய்ந்து, எல்லையில் பள்ளம் எதுவும் இல்லாமல் பச்சை மெதுவாக வைக்கோல் நிறத்துக்கு மாறியிருந்தால், அது கிருமியின் வேலையன்று. தொட்டி மண்ணில் உப்பு சேர்ந்ததோ, உரம் மிகுந்ததோ, வேர் ஒருமுறை முற்றிலும் உலர்ந்ததோ காரணமாக இருக்கும். இலைக்காம்பையும் தவறாமல் பாருங்கள். காம்பில் நீளவாக்கில் அமிழ்ந்த கரும்பழுப்புக் கீற்றுகள் இருந்தால் நோய் என்பதில் பெரும்பாலும் ஐயம் வேண்டியதில்லை.

இரண்டாவது சோதனை ஓரிரு நாள் எடுக்கும். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நனைத்துப் பிழிந்த மெல்லிய தாளை விரித்து, அதன்மேல் பாதிக்கப்பட்ட இலைகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மூடி, வெயில் படாத இடத்தில் ஓரிரு நாள் வையுங்கள். புள்ளியின் மேல் சாம்பல் அல்லது கருமை நிறத்தில் நுண்ணிய மயிர்த்தூவல் போல எழும்பினால் அது பூஞ்சாணம். செர்கோஸ்போராவும் அதன் நெருங்கிய இனங்களும், ஆல்டர்னேரியாவும் சதகுப்பையின் குடும்பப் பயிர்களில் அடிக்கடி காணப்படுபவை. குளிர்ந்த, மழை விடாத பருவமாயிருந்தால் இட்டர்சோனிலியா என்னும் பூஞ்சாணத்தையும் நினைக்க வேண்டும். அது புள்ளியோடு நில்லாமல் இலையின் பெரும் பகுதியைக் கருக்கிவிடும். டப்பாவில் எதுவும் முளைக்காமல் புள்ளிகள் நீர் கோத்தாற்போல் கருத்து வழவழப்பாக மாறினால், பாக்டீரியாவை ஐயுறலாம். அப்போது காம்பிலுள்ள கீற்றைக் குறுக்கே வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுமுனை தொங்குமாறு சில நிமிடம் பிடித்தால், பால்போன்ற மெல்லிய கசிவு இறங்கக்கூடும். சதகுப்பைக் காம்பு மெலிதாகையால் இக்கசிவு தெரியாமலும் போகலாம். தெரியாததால் பாக்டீரியா இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். எந்தப் பூஞ்சாணம் என்று பெயர் சொல்ல நுண்ணோக்கி வேண்டும். வீட்டுத் தொட்டியில் செய்ய வேண்டியவை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், பெயர் தெரியாவிட்டாலும் பெரிய இழப்பில்லை.

இலைப்புள்ளியோடு குழப்பிக்கொள்ளத்தக்கவற்றுள் சாம்பல் நோயை முதலில் விலக்கிவிடலாம்: இலைமேல் மாவு தூவியது போன்ற வெண்படலம் விரலால் துடைத்தால் வந்துவிடும், இலைப்புள்ளியோ துடைத்தாலும் போகாது. அடிச்சாம்பல் நோயில் மேற்புறம் மஞ்சளாகவும் அடிப்புறம் வெண்மையான பஞ்சாகவும் இருக்கும். செஞ்சிலந்தி உறிஞ்சிய இலையில் ஊசி குத்தியது போன்ற வெளிர் புள்ளிகள்தான் இருக்கும். செடியை வெள்ளைத் தாளின்மேல் தட்டினால் நகரும் துகள்களைக் காணலாம். அசுவினி இருந்தால் இலை பிசுபிசுக்கும். பூக்குடை, அதாவது குடைபோன்ற பூங்கொத்து, விரிந்த பிறகு அடி இலைகள் தாமாகவே மஞ்சளாகி உதிர்வது இயல்பு. ஓராண்டுச் செடியின் முதுமையை நோயென்று எண்ணக் கூடாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சதகுப்பையை விரும்பித் தின்னும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களின் எச்சம் இலைக்கவட்டில் ஒட்டிக்கொண்டு, அச்சு அசலாகக் கரும்புள்ளியாகத் தோன்றும். அதைத் தெளிப்பானோடு அணுகுவதைவிட நகத்தால் சுரண்டிப் பார்ப்பது சிக்கனம்.

இனி, நோய் ஏன் வந்தது என்பதைப் பார்ப்போம். பூஞ்சாண வித்து இலைமேல் விழுந்தால் மட்டும் போதாது. அது முளைத்து உள்ளே நுழைய, இலை பல மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். சதகுப்பையின் இறகு போன்ற இலை, பஞ்சைப் போல நீர்த்துளிகளை இழைகளுக்கிடையே பிடித்துவைத்துக்கொள்கிறது. நெருக்கமாக விதைத்த தொட்டியில் காற்றும் உள்ளே புகுவதில்லை. மாலையில் நனைந்த இலை மறுநாள் வெயில் ஏறும்வரை உலர்வதில்லை. அதோடு, பூவாளியிலிருந்து விழும் துளி மண்ணில் மோதித் தெறிக்கும்போது, மண்ணிலும் உதிர்ந்த இலையிலும் உள்ள வித்துக்களை அடி இலைகளுக்குக் கொண்டுசேர்க்கிறது. அங்கு தோன்றிய புள்ளிகளிலிருந்து அடுத்த நாள் தெறிப்பு இன்னும் சற்று மேலே ஏற்றிவிடுகிறது. உங்கள் செடியில் நோய் படிப்படியாக மேலேறிய கதை இதுதான். வேப்பெண்ணெய் பலன் தராததற்கும் காரணம் எளியது: அது முக்கியமாகப் பூச்சிகளுக்கானது, இலைக்குள் நுழைந்துவிட்ட பூஞ்சாணத்தை அது அகற்றாது. கடும் வெயில் நேரத்தில் தெளித்திருந்தால் மெல்லிய இழைகளை அதுவே கருக்கியும் இருக்கலாம்.

உடனே செய்ய வேண்டியது கத்தரிக்கோல் வேலை. இலைகள் முற்றிலும் உலர்ந்திருக்கும் முற்பகல் நேரத்தில், புள்ளியுள்ள இலைகளைக் காம்பு தண்டோடு சேரும் இடத்தில் வெட்டி அகற்றுங்கள். ஈரமாக இருக்கையில் செடிக்குள் கையை விட்டால் நோயை நீங்களே பரப்புவீர்கள். ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் இடையே கத்தரிக்கோலை ஆல்கஹாலால் துடைத்துக்கொள்ளுங்கள். ஒரு செடியின் பாதிக்கு மேற்பட்ட இலைகள் பாதிக்கப்பட்டிருந்தால் அச்செடியை வேரோடு பிடுங்கிவிடுவதே முறை. அதன்மேல் இரக்கம் காட்டினால் பக்கத்துச் செடிகள்தான் விலை கொடுக்கும். மண்மேல் கிடக்கும் சருகுகளையும் பொறுக்கிவிடுங்கள். நன்றாகச் சூடேறாத சிறு உரக்குவியலில் இவற்றைச் சேர்க்க வேண்டாம். எஞ்சிய செடிகளுள் சிலவற்றை நடுநடுவே பிடுங்கி, ஒரு கை உள்ளே புகுமளவு கலைத்துவிட்டு, மண்மேல் ஓர் அங்குல கனத்தில் உலர்ந்த வைக்கோலையோ நோயில்லாத இலைச்சருகையோ மூடாக்காகப் பரப்பினால், தெறிப்பு பெருமளவு குறையும். நீரை இனிக் காலையில், தூவும் மூக்கைக் கழற்றிய பூவாளியால், செடியின் அடியில் மட்டும் விடுங்கள். விரல் நுழையும் ஆழத்துக்கு மேல்மண் உலர்ந்த பிறகே அடுத்த நீர். தொட்டிகளை ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடத்துக்கு, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நகர்த்துங்கள்.

ஏற்கனவே வந்த புள்ளி எதைச் செய்தாலும் மறையாது. எனவே பழைய இலையைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அடுத்த பத்துப் பதினைந்து நாட்களில் செடியின் நடுவிலிருந்து விரியும் புது இலைகள் சுத்தமாக வருகின்றனவா என்பதே அளவுகோல்.

மருந்தைப் பொறுத்தவரை என் கருத்து, சமையலுக்கும் பச்சையாகத் தூவவும் வளர்க்கும் இரண்டு தொட்டிச் சதகுப்பைக்கு ரசாயனப் பூஞ்சாணக்கொல்லி தேவையில்லை என்பதே. விதைத்த எட்டு வாரத்துக்குள் கீரை அறுவடை முடிந்துவிடும் பயிர் இது. பெரும்பாலான மருந்துகளுக்குத் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே கட்டாயக் காத்திருப்புக் காலம் உண்டு. அதைக் கழித்தால் அறுப்பதற்குப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. பேசிலஸ் சப்டிலிஸ் அல்லது சூடோமோனாஸ் போன்ற நன்மை செய்யும் பாக்டீரியாக்களைக் கொண்ட உயிரியல் தயாரிப்புகளை, அட்டையில் உள்ள அளவுப்படி, நோய் பரவுமுன் காப்பாகப் பயன்படுத்தலாம். முற்றிய நோயை அவை குணப்படுத்துவதில்லை. தாமிரம் கலந்த மருந்துகளும் காப்பு மட்டுமே தருபவை. அட்டையில் கீரை அல்லது வாசனைப் பயிர்களுக்கு அனுமதி குறிக்கப்பட்டிருந்தாலொழிய அவற்றைத் தொட வேண்டாம். சமையல் சோடாவைக் கரைத்துத் தெளிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. இலைப்புள்ளிக்கு அதனால் பெரும் பயன் இல்லை, கரைசல் சற்றுக் கூடினாலும் இழை கருகும்.

சாப்பிடலாமா என்ற கேள்விக்கு: இலைப்புள்ளி உண்டாக்கும் இப்பூஞ்சாணங்கள் செடியைத் தாக்குபவை, மனிதரைத் தொற்றுபவை அல்ல. புள்ளியுள்ள இழைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, பச்சையாக உள்ளவற்றை நன்கு கழுவிப் பயன்படுத்தலாம். அழுகியதையும் பூசணம் படர்ந்ததையும் விலக்குங்கள். வேப்பெண்ணெய் தெளித்திருக்கிறீர்கள் என்பதால், அந்தப் புட்டியில் குறித்துள்ள காத்திருப்பு நாட்கள் கழிந்த பின்னரே அறுங்கள்.

அடுத்த விதைப்பை இதே தொட்டியில் இதே மண்ணில் செய்யாதீர்கள். கொத்தமல்லி, கேரட், பெருஞ்சீரகம், செலரி, பார்ஸ்லி ஆகியவை சதகுப்பையின் குடும்பத்தைச் சேர்ந்தவை. சில நோய்க்கிருமிகள் இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டதைத் தாக்கும். ஆகவே அந்த மண்ணில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு இக்குடும்பமல்லாத பயிர்களை வையுங்கள், கொத்தமல்லித் தொட்டியையும் தெறிப்பு எட்டாத தொலைவுக்கு நகர்த்துங்கள். புதுத் தொட்டியில் விதைத்து, நாற்று விரல் நீளம் வந்ததும் செடிக்குச் செடி ஒரு சாண் இருக்குமாறு கலைத்துவிடுங்கள். கலைத்ததைக் கீரையாகவே சமைத்துவிடலாம். ஒரே நேரத்தில் நிறைய விதைப்பதைவிட, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக வெவ்வேறு தொட்டிகளில் விதைப்பது மிக நல்லது: ஒன்றில் நோய் தலைகாட்டினால் அதை அறுத்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம்.

விதையை இச்செடிகளிலிருந்து எடுக்க வேண்டாம். பூக்குடையின் காம்புகளுக்கு நோய் ஏறினால் கிருமி விதையோடு ஒட்டிவந்து அடுத்த பயிரின் முதல் இலையிலேயே குடியேற வாய்ப்புண்டு. வெளியே சுத்தமாகத் தெரியும் விதையிலும் அது இருக்கலாம். விதைக்கென்றே பின்னர் ஒரு தொட்டியில் இரண்டு மூன்று செடிகளைச் செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் இடைவெளியில் வளர்த்து, இலையும் காம்பும் புள்ளியின்றி இருந்தால் மட்டும், காய்கள் பழுப்பேறத் தொடங்கியதும் மழை படாத வெயில் நாளில் குடையோடு அறுத்து, காகிதப் பையில் தலைகீழாகத் தொங்கவிட்டு நிழலில் உலர்த்தி உதிர்த்துக்கொள்ளுங்கள்.