பழைய நாஸ் பெட்டியைப் பாதி விலைக்கு வாங்கலாமா?

கேள்வி (பட்டர்வொர்த் வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்): கொம்தார் பக்கத்தில் உள்ள ஒரு கணினிக் கடையில் பழைய நாஸ் பெட்டி (வீட்டு வலையமைப்பில் மாட்டி, கோப்புகளைச் சேமித்துப் பல கருவிகளிலிருந்து பார்க்க உதவும் பெட்டி) ஒன்றை, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளோடு, 280 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். குடும்பப் படங்கள் முழுவதும் அதில்தான் இருக்கின்றன. மெல்பர்னில் இருக்கும் மகன் அங்கிருந்தே பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் வாங்கினேன். கடைக்காரரும் சரி என்றார். இப்போது கணினித் துறையில் வேலை செய்யும் மருமகன், "கோப்புப் பதிவேற்றும் வழியாக வெளியார் நுழையக்கூடிய ஓட்டை இதில் இருக்கிறது, நிறுவனமே ஆதரவை நிறுத்திவிட்டது, கழற்றிவிடுங்கள் மாமா" என்கிறார். கடவுச்சொல்லை நீளமாக மாற்றிவிட்டேன். அது போதாதா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: போதாது, ஐயா. மருமகன் சொல்வது சரி. ஆனால் அவசரப்பட்டுக் கழற்றிவிடாதீர்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

நாஸ் பெட்டியை ஹார்ட் டிஸ்க் என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு சின்னக் கணினி. உள்ளே லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடுகிறது. நீங்கள் உலாவியில் திறக்கும் அமைப்புப் பக்கத்தைத் தருவதற்கென்று ஒரு வெப் சர்வரும் ஓடுகிறது. படம் ஏற்ற, அமைப்புக் கோப்பைத் திரும்பப் போட, பெட்டியை இயக்கும் உள்நிரலான ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க என்று வெளியிலிருந்து கோப்பு வாங்கும் வாசல்கள் அதில் பல. வாசலில் நிற்கும் நிரல் சில கேள்விகள் கேட்க வேண்டும்: அனுப்புவது யார், வந்திருப்பது படமா நிரலா, எந்த உறையில் (ஃபோல்டரில்) வைப்பது. இதில் ஒன்றைக் கேட்க மறந்தாலும் வம்புதான். படம் என்ற பெயரில் பிஎச்பி என்ற மொழியில் எழுதிய நிரல் ஒன்றை அனுப்பி, சர்வர் இயக்கக்கூடிய உறையில் அதை உட்கார வைத்துவிட்டால், பிறகு அந்தக் கோப்பின் முகவரியை உலாவியில் திறந்தாலே போதும், நிரல் ஓடத் தொடங்கும். இத்தகைய சின்னப் பெட்டிகள் பலவற்றில் எல்லாமே முழு அதிகாரத்தோடு ஓடுவதால், வந்தவர் பெட்டிக்கே சொந்தக்காரர் ஆகிவிடுகிறார். யார் என்று கேட்காத நிரலிடம் உங்கள் நீளமான கடவுச்சொல்லுக்கு வேலையே இல்லை.

இது கற்பனை அல்ல. ஸைக்ஸெல் நிறுவனத்தின் நாஸ்326, நாஸ்542 மாடல்களுக்கு 2023 டிசம்பர் 31-உடன் பாதுகாப்பு ஆதரவு முடிந்தது. 2024 ஜூனில் ஐந்து ஓட்டைகள் வெளிச்சத்துக்கு வந்தன. அதில் ஒன்று, நீங்கள் கேட்ட அதே வகை: கோப்புப் பதிவேற்றும் நிரலுக்குத் திரித்த அமைப்புக் கோப்பு ஒன்றை அனுப்பினால், உள்நுழையாமலேயே பெட்டியில் எதையும் ஓட்டலாம். ஆதரவு முடிந்தபிறகும் அந்த நிறுவனம் மூன்று ஓட்டைகளை அடைத்துக் கொடுத்தது. மற்ற இரண்டும் அப்படியே நின்றன. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதே ஆண்டு ஏப்ரலில் டி-லிங்க்கின் பழைய நாஸ் மாடல்களில் வேறு வகை ஓட்டை வெளிவந்தபோது, திருத்தம் வராது, பெட்டியை மாற்றிக்கொள்ளுங்கள் என்றுதான் பதில் வந்தது.

என்னை உலுக்கியது 2021 ஜூனில் நடந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிக்குக் கடைசிப் புதுப்பிப்பு வந்தது 2015-இல். ஆறு ஆண்டுகள் ஒன்றும் ஆகவில்லை. திடீரென்று உலகெங்கும் பலருடைய பெட்டிகள் தாமாகவே தொழிற்சாலை நிலைக்குத் திரும்பி, உள்ளே இருந்ததெல்லாம் அழிந்தது. ஆராய்ந்தவர்கள் கண்டது இது: பெட்டியை அழிக்கும் நிரலில் கடவுச்சொல் கேட்கும் வரிகள் இருந்தன, ஆனால் எழுதியவர்களே அவற்றைச் செயலிழக்கச் செய்திருந்தார்கள்.

இப்போது உங்கள் வேலை. முதலில் ரூட்டரின் அமைப்பில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக்குள் இருக்கும் கருவிக்கு அனுப்பும் வசதி), யூபிஎன்பி இரண்டையும் நிறுத்துங்கள். யூபிஎன்பி இயங்கினால், உங்களைக் கேட்காமலேயே பெட்டி தனக்கு வெளியுலக வாசலைத் திறந்துகொள்ளும். பெட்டியில் 'தொலைவிலிருந்து பார்' என்ற வசதி இருந்தால் அதையும் அணையுங்கள். பிறகு பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, வீட்டு வலையமைப்பு வழியாகப் படங்களை யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு நகல் எடுங்கள். அவசரப்படாதீர்கள் என்றது இதற்காகத்தான். டிஸ்க்கைப் பிடுங்கி விண்டோஸ் கணினியில் மாட்டினால், அதற்கு லினக்ஸ் அமைப்பைப் படிக்கத் தெரியாது. "ஃபார்மட் செய்யட்டுமா" என்று அப்பாவியாகக் கேட்கும். நம் ஊரில் அதற்கு ஆம் என்று அழுத்தி, திருமணப் படங்களைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

நகல் கையில் வந்தபிறகு பெட்டியை இணையத்திலிருந்து விலக்கிவிட்டு வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்தலாம். அப்போதும் வீட்டில் இன்னொரு கணினியில் நச்சு நிரல் புகுந்தால் ஆபத்துதான். ஆகவே ஒரே நகலாக அதை நம்பாதீர்கள். மகனுக்குப் படங்களைக் கிளவுட் சேவை ஒன்றில் பகிர்ந்துவிடுங்கள். பெட்டி வைத்திருப்பதைவிடச் செலவும் தலைவலியும் குறைவு.

பணம்? பழைய பொருள் என்பதற்காக உரிமை இல்லாமல் போகாது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி வாங்கிய பொருள் அதற்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்கிறது. நீங்கள் சொல்லித்தான் வாங்கியிருக்கிறீர்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று ரசீதில் அச்சடித்து இந்த உரிமையைப் பறிக்க முடியாது. சொன்னதற்கு வாட்ஸ்அப் செய்தி இருந்தால் வழக்கு வலுவாகும், வாய்ப்பேச்சு மட்டும் என்றால் இழுபறிதான். முதலில் கடையிலேயே எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி மனுப் போடலாம். 50,000 ரிங்கிட் வரையான கோரிக்கைகள் அங்கே செல்லும், வழக்கறிஞர் தேவையில்லை, வாங்கிய மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். மனு எழுதத் தெரியாவிட்டால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகுங்கள். என் கருத்தைக் கேட்டால், பாதி பணத்துக்குக் கடைக்காரர் இறங்கி வந்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

கேள்வி (செந்தூல் வாசகி): புதிய ரூட்டர் வாங்க லோயாட் பிளாசா போகிறேன். வேகத்தைத் தவிர வேறெதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை வரும் என்று பாருங்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் இந்தக் காலத்தைத் தயாரிப்பாளர் அறிவித்தே ஆக வேண்டும். சிங்கப்பூரில் 2020-இல் தொடங்கிய இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டமும் உண்டு; முத்திரை பெற்ற மாடலா என்று பார்க்கலாம், அங்கே விற்கும் மாடல்கள் பல இங்கேயும் கிடைக்கின்றன.

மாடல் எண்ணோடு ஹார்ட்வேர் பதிப்பையும், அதாவது ஏ1, பி1 என்று ஒட்டுத்தாளில் இருக்கும் எழுத்தையும், குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் ஒரு பதிப்புக்கு ஆதரவு இருக்கும், இன்னொன்றுக்கு முடிந்திருக்கும். பினாங்கு லோரோங் கூலிட் போன்ற பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ரூட்டர் வேண்டவே வேண்டாம். லிங்க்சிஸ் இ1200, இ2500 போன்ற ஆதரவு முடிந்த ரூட்டர்களைத் திருடர்கள் தங்கள் தடத்தை மறைக்கப் பயன்படுத்துகிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 மே மாதம் எச்சரித்தது. கடைக்காரருக்குத் தேதி தெரியாவிட்டால், அங்கேயே கைப்பேசியில் தயாரிப்பாளரின் தளத்தைத் திறந்து, கடைசி ஃபர்ம்வேர் எப்போது வந்தது என்று பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு முன்பு என்றால் அடுத்த கடைக்கு நடங்கள்.