ஒரு புஷ்செயார், ரெண்டு பிள்ளையள்: லண்டனில கார் இல்லாமல் வெளிய போறது

தங்கச்சி, உங்கட கேள்வியை ஆறுதலா வாசிச்சனான். நாலு மாசக் கைக்குழந்தை, ரெண்டே கால் வயசு மகன், இல்ஃபோர்டில மேல்மாடி வீடு, லிஃப்ட் இல்லை, கார் இல்லை, அவர் விடிய வேலைக்குப் போனா இருட்டினாப் பிறகுதான் வாறார், கையில இருக்கிறது சொந்தக்காரர் தந்த ஒரே ஒரு புஷ்செயார், ஒரு பிள்ளையை இருத்தித் தள்ளுற வண்டி. ரெண்டு பிள்ளையும் இருக்கிற டபிள் ஒண்டு வாங்கத்தான் வேணுமோ, இல்லாட்டி சின்னவ நடக்கிற மட்டும் வீட்டுக்குள்ளயே இருக்கிறதோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். ரெண்டும் வேண்டாம். நானும் இதே இல்ஃபோர்டில கார் இல்லாமல்தான் ரெண்டு பேரையும் வளர்த்தனான், இப்ப அவை பள்ளிக்கூடம் போகினம், அந்த ஒரு புஷ்செயார்தான் கடைசி வரைக்கும் எங்களுக்கு ஓடினது.

நான் கேக்கிற ஆக்கள் எல்லாருக்கும் முதல் சொல்லுறது இதைத்தான்: பெரியவரைப் புஷ்செயாரில இருத்துங்கோ, சின்னவவை உங்கட நெஞ்சில கட்டுங்கோ. கனபேர் மாறித்தான் செய்யினம். கைக்குழந்தையைப் படுக்கவச்சுத் தள்ளிக்கொண்டு பெரியதைக் கையில பிடிச்சு நடத்திக்கொண்டு போவினம், பார்க்க அதுதான் சரி மாதிரி இருக்கும். ஆனா ரெண்டு வயசுப் பிள்ளை க்ரான்புரூக் ரோட்டில ஒரு சிவப்பு பஸ்ஸைக் கண்டா கையை உதறிப்போட்டு ஓடும், நீங்கள் ஒரு கையால புஷ்செயாரைப் பிடிச்சுக்கொண்டு நிப்பீங்கள், அதை விட்டுட்டு ஓடவும் ஏலாது, விடாமல் ஓடவும் ஏலாது. நாலு மாசப் பிள்ளை எங்கயும் ஓடாது. ஓடுறவர் ஆரோ அவரைத்தான் அஞ்சு பட்டியும் பூட்டி இருத்தோணும். மற்றது, நெஞ்சில கட்டின பிள்ளை உங்கட சூட்டில அனேகமா நித்திரையாப் போகும், அப்ப ரெண்டு கையும் உங்களுக்குச் சும்மா இருக்கும், பெரியவரோட கதைக்கலாம், குனிஞ்சு சப்பாத்துப் போட்டு விடலாம், ரிக்கெட் தட்டலாம்.

அதுக்கு ஒரு நல்ல பேபி கரியர், பிள்ளையை நெஞ்சோட கட்டுற பட்டி, வேணும். புதுசு விலை கூட, உடன வாங்காதேங்கோ. இங்க ஸ்லிங் லைப்ரரி எண்டு கன இடங்களில இருக்கு, அங்க போனா கட்டிக் காட்டித் தருவினம், கொஞ்சக் காசுக்கு வாடகைக்கும் எடுக்கலாம், உங்கட உடம்புக்கு எது சரி எண்டு அப்பதான் தெரியும். கட்டேக்க கவனிக்கவேண்டியது கொஞ்சம் இருக்கு, இதைமட்டும் விட்டுடாதேங்கோ. இறுக்கமாக் கட்டோணும், தொங்கக்கூடாது. குனிஞ்சு பார்த்தா பிள்ளையின்ர முகம் எப்பவும் தெரியோணும், உச்சந்தலையில கொஞ்சுற உயரத்தில பிள்ளை இருக்கோணும். பிள்ளையின்ர நாடி (தாடை) நெஞ்சில முட்டக்கூடாது, நாடிக்கும் நெஞ்சுக்கும் இடையில ஒரு விரல் போற இடைவெளி வேணும், ஏன் எண்டா நாடி மடிஞ்சா சின்னப் பிள்ளையளுக்கு மூச்சு எடுக்கக் கஷ்டம். முதுகுக்கு நல்ல தாங்கு வேணும். குளிர் எண்டு பிள்ளைக்குத் தடிச்ச ஜக்கெட் போட்டுப்போட்டு அதுக்கு மேல கட்டாதேங்கோ, பிறகு இறுகாது, பிள்ளையும் அவிஞ்சு போகும். பிள்ளைக்கு மெல்லிசா உடுப்பாட்டி, கட்டி முடிச்சு, உங்கட பெரிய கோட்டை வெளியால போட்டு முகத்தை மட்டும் திறந்து விடுங்கோ. உங்களுக்கு சிசேரியன் எண்டா, இல்லாட்டி நாரி நோ இருந்தா, கட்ட முதல் டொக்டரிட்ட ஒருக்காக் கேளுங்கோ.

ஆறு மாசம் கழிய, சின்னவ தலையும் முதுகும் நிமித்தி இருக்கத் தொடங்க, மாத்திப் பிடிக்கலாம். அப்ப பக்கி போர்ட் எண்டு ஒண்டு இருக்கு, புஷ்செயாருக்குப் பின்னால கொழுவிற சில்லு வச்ச பலகை, பெரியவர் அதில ஏறி உங்கட ரெண்டு கைக்கும் நடுவில நிண்டு வருவார். அனேகமா 20 கிலோ மட்டும் தாங்கும், எவ்வளவு எண்டு அதிலயே போட்டிருக்கும். ஆறு மாசத்துக்கு முதல் சின்னவவை இருக்கிற சீட்டில வைக்காதேங்கோ, முழுக்கப் படுக்கவைக்கக்கூடிய சீட் எண்டா மட்டும் சரி. பலகையில பெரியவர் நிக்கேக்க உங்களுக்குக் கால் எட்டி வச்சு நடக்கேலாது, கொஞ்சம் பின்னுக்குச் சரிஞ்சுதான் நடக்கோணும், அது ரெண்டு மூண்டு தெருவுக்குப் பரவாயில்லை, நாள் முழுக்க எண்டா நாரி விடாது. டபிள் வாங்கிறதில பிழை இல்லை, ரெட்டைப்பிள்ளையளுக்கு, ஒவ்வொருநாளும் நீட்டுக்கு நடக்கிற ஆக்களுக்கு அது வேணும்தான், ஆனா மேல்மாடியும் பஸ்ஸும் எண்டு இருக்கிற உங்களுக்கு அது பாரம்.

இப்ப படி. உண்மையில நீங்கள் பயப்பிடுறது ரோட்டுக்கு இல்லை, அந்தப் படிக்குத்தான் எண்டு எனக்கு விளங்குது. புஷ்செயாரைக் கீழ வைக்க இடம் இருக்கோ எண்டு வீட்டுக்காரரிட்டக் கேளுங்கோ. பொதுவான நடைபாதையில சொல்லாமல் வைக்கக்கூடாது, நெருப்புப் பிடிச்சா ஆக்கள் வெளியேறுற வழி அது, அதனால கன இடங்களில விடமாட்டினம். படிக்குக் கீழ இருக்கிற மூலையோ, மீற்றர்ப் பெட்டி இருக்கிற அறையோ, கீழ்வீட்டு அன்ரியோ, ஏதோ ஒரு வழி அனேகமாக் கிடைக்கும். அப்பிடிக் கிடைச்சா பாதிப் பிரச்சினை முடிஞ்சுது. கிடைக்காட்டி, இரவே அவர் இருக்கேக்க மறுநாள் போற பையைக் கட்டி, புஷ்செயாரை மடக்கிக் கதவடியில வைக்கச் சொல்லுங்கோ. விடிய முதல் சின்னவவுக்குப் பால் குடுத்து, நப்பி மாத்தி, வீட்டுக்குள்ளயே நெஞ்சில கட்டிப்போடுங்கோ. அவவைக் கட்டினாப் பிறகுதான் பெரியவருக்குச் சப்பாத்து, அதுக்கு முதல் போட்டா அவர் ஓடித்திரிஞ்சு கழட்டிப்போடுவார். படியில அவரைக் குந்தியிருந்து குந்தியிருந்து இறங்கப் பழக்குங்கோ, ரெண்டு வயசுப் பிள்ளையளுக்கு அது விளையாட்டு, நல்லாச் செய்வினம். நீங்கள் எப்பவும் அவருக்கு ஒரு படி கீழ நில்லுங்கோ, மேல நிக்கக்கூடாது. ஒரு கை கைப்பிடியில, மற்றக் கை அவரில. புஷ்செயாரை அந்த நேரத்தில தூக்காதேங்கோ, முதல் நீங்கள் மட்டும் ஒருக்காப் போய்க் கீழ வச்சிட்டு வாங்கோ, அந்த நேரம் பெரியவர் மேல கேற்றுக்கு உள்ளுக்குள்ள இருக்கட்டும். படி வாசலுக்குப் போடுற சேஃப்டி கேற் உங்களிட்ட இல்லாட்டி அதைத்தான் முதல் வாங்குங்கோ.

பஸ்ஸைப் பற்றி நீங்கள் கேட்டது, ரைவர் ஏத்துவாரோ எண்டு. லண்டன் பஸ் எல்லாத்திலயும் நடுவில ஒரு திறந்த இடம் இருக்கு, மடக்காத புஷ்செயார் ஒண்டோ ரெண்டோ அதில நிக்கலாம். முன் கதவால ஏறிக் காசு வெட்டுற கார்டைத் தட்டிப்போட்டு நடுக் கதவைத் திறக்கச் சொல்லி ரைவரிட்டக் கேளுங்கோ, திறப்பினம். உள்ள போய், மெத்தை போட்ட பலகை ஒண்டு நிக்கும், புஷ்செயாரை அதோட ஒட்டி, பிள்ளையின்ர முகம் பஸ்ஸின்ர பின்பக்கம் பார்க்கிற மாதிரி விட்டு, பிரேக் போடுங்கோ. குறுக்கால விட்டா பஸ் திரும்பேக்க பிரண்டு போகும். நீங்கள் பக்கத்தில இருந்துகொண்டு ஒரு கையால பிடிச்சிருங்கோ, நெஞ்சில பிள்ளையோட நிண்டுகொண்டு வராதேங்கோ, ஆரும் இளம் ஆக்களிட்ட இருக்கேலுமோ எண்டு கேட்டா எழும்பித் தருவினம்.

ஆனா அந்த இடம் சக்கர நாற்காலி ஆக்களுக்கு எண்டு வச்ச இடம். 2012இல டக் போலி எண்ட சக்கர நாற்காலிக்காரர் வெதர்பியில இருந்து லீட்ஸ் போக பஸ்ஸில ஏறப் பார்க்க, நித்திரையா இருந்த பிள்ளையின்ர புஷ்செயாரை ஒரு தாய் மடக்க மாட்டன் எண்டு சொல்ல, அவருக்கு ஏறேலாமல் போச்சு. அந்த வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், ரைவர் சும்மா ஒருக்காக் கேட்டுப்போட்டு விடக்கூடாது, அதுக்கு மேலயும் செய்யோணும் எண்டு 2017 ஜனவரியில தீர்ப்பு வந்தது. அவர் நிண்ட நிலையை நினைச்சுப் பாருங்கோ, எங்களுக்கு மடக்கிற வழி இருக்கு, அவருக்கு நாற்காலியை மடக்க வழி இல்லை. அதனாலதான் சின்னவவைக் கட்டச் சொல்லுறன், பெரியவரை எழுப்பி மடியில இருத்தி ஒரு கையால மடக்கேலும். ஒரு கையால மடக்கிறதை வீட்டில பழகிப்போட்டு வெளிக்கிடுங்கோ. மடக்கவே ஏலாட்டி இறங்கி அடுத்த பஸ்ஸில ஏறுங்கோ, முதல் பஸ்ஸில தட்டினதில இருந்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள ஏறினா திரும்பக் காசு வெட்டாது. பிள்ளையளுக்குக் காசே இல்லை, அஞ்சு வயசு மட்டும் பஸ், ரியூப் (நிலத்தடி ரெயின்), ரெயின் எல்லாம் ஃப்ரீ.

விடிய ஒம்பதரைக்கு முதலும், பின்னேரம் பள்ளிக்கூடம் விடுற மூண்டில இருந்து நாலு மட்டும் பஸ்ஸைத் தவிருங்கோ. ஜீபியில, அதுதான் குடும்ப டொக்டரிட்ட, நேரம் எடுக்கேக்கயும் பத்தரை பதினொண்டுக்குக் கேளுங்கோ. சின்னவவுக்கு 16 கிழமை ஊசி வந்திருக்கும், ரெண்டு பிள்ளையளோட தனிய வாறன் எண்டு ரிசப்சனில முதலே சொன்னா, நேர்ஸ் ஊசி போடேக்க பெரியவரை ஆரும் ஒரு ஆள் பார்ப்பினம்.

ரெயின்ல உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், இல்ஃபோர்ட் எலிசபெத் லைனில இருக்கு. 2022 மேயில திறந்த லைன், அதில எல்லா ஸ்ரேசனிலயும் படி இல்லாமல் பிளாற்ஃபோம் வரைக்கும் போகலாம். நடுப்பகுதியில, பாடிங்டனில இருந்து வைட்சாப்பல், வூலிச் மட்டும், பிளாற்ஃபோமும் ரெயினும் ஒரே மட்டம், அப்பிடியே தள்ளி ஏத்தலாம். இல்ஃபோர்டில மட்டம் வராது, ஏறேக்க கைப்பிடியை அமத்தி முன் சில்லைத் தூக்கி வைங்கோ, இறங்கேக்க நீங்கள் முதுகு காட்டி முதல் இறங்கி, பின் சில்லை முதல் இறக்குங்கோ. முன்னுக்குத் தள்ளி இறக்கினா முன் சில்லு இடைவெளிக்குள்ள போகும். ஸ்ட்ராட்போர்ட் போனா அங்க டீஎல்ஆர் எண்ட சின்ன ரெயின் லைன் முழுக்கவும், ரியூப்பின்ர ஜூபிலி லைனில வெஸ்ட்மின்ஸ்டர் வரைக்கும், எல்லா ஸ்ரேசனிலயும் படி இல்லாமல் போகலாம். மற்றப் பழைய ரியூப் ஸ்ரேசன்களை நம்பி வெளிக்கிடாதேங்கோ. ரியூப் மப்பில (வரைபடத்தில) நீல வட்டத்துக்குள்ள வெள்ளைச் சக்கர நாற்காலி எண்டா ரெயின் வாசல் வரைக்கும் படி இல்லை, வெள்ளை வட்டத்துக்குள்ள நீலம் எண்டா பிளாற்ஃபோம் மட்டும். லிஃப்ட் பழுதா எண்டதும் ரிஎஃப்எல் கோ எண்ட லண்டன் போக்குவரத்து அப்பில காட்டும், கதவைப் பூட்ட முதல் ஒருக்காப் பாருங்கோ. எஸ்கலேற்றரில எண்டா புஷ்செயாரை மடக்கிப் பிள்ளையைத் தூக்கோணும், தனி ஆளா ரெண்டு பேரோட உங்களுக்கு அது ஏலாது, லிஃப்ட்டைத் தேடிப் போங்கோ, சுத்து எண்டாலும்.

சில இடத்தில படி வந்திட்டா, நில்லுங்கோ. லண்டன் சனம் முகம் பார்க்காது எண்டு சொல்லுவினம், படியடியில புஷ்செயாரோட நிண்டு பாருங்கோ, ஆரோ வந்து முன்பக்கம் தூக்குவினம். ஆனா அவைக்கு எதைப் பிடிக்கிறது எண்டு நீங்கள்தான் காட்டோணும், ஏன் எண்டா எல்லாரும் பிள்ளைக்கு முன்னால இருக்கிற அந்தப் பஞ்சுக் கம்பியைத்தான் பிடிப்பினம், அது கழட்டிற கம்பி, பாரத்துக்குக் கையோட வந்திடும். முன் சில்லுக்கு மேல இருக்கிற இரும்புச் சட்டத்தைப் பிடிக்கச் சொல்லுங்கோ.

பைகளை மட்டும் கைப்பிடியில தொங்க விடாதேங்கோ. பெரியவர் இருக்கும் மட்டும் ஒண்டும் செய்யாது, அவரை இறக்கின உடன பாரம் முழுக்கப் பின்னுக்கு வந்து பிரண்டு விழும், பாலும் முட்டையும் ரோட்டில. சாமான் எல்லாம் கீழ இருக்கிற கூடைக்குள்ள, மிச்சம் உங்கட முதுகுப் பையில, அரிசி பருப்பு மாதிரிப் பாரமான சாமானை அவர் லீவு நாளில வாங்கட்டும். வெயில் நேரத்தில புஷ்செயாரைத் துணியால மூடாதேங்கோ, மெல்லிய துணி எண்டாலும் உள்ளுக்குள்ள காத்து இல்லாமல் கெதியாச் சூடாகும், குடை கொழுவுங்கோ. மழைக்கவரையும் கடைக்குள்ள, பஸ்ஸுக்குள்ள போன உடன கழட்டுங்கோ.

பெரியவர் நடக்கவேண்டிய இடத்தில, வலன்டைன்ஸ் பார்க் மாதிரி, இறக்கி விடுங்கோ, அவருக்கு ஓட்டம் வேணும். குளத்தடியில மட்டும் முதுகுப் பையோட வாற பிடிகயிறைப் போடுங்கோ. ஊரில இருந்து வீடியோ கோலில பார்க்கிற ஆக்கள் பிள்ளையை ஏன் கட்டிப்போட்டிருக்கிறாய் எண்டு கேப்பினம், கேக்கட்டும், தண்ணிக் கரையில ரெண்டு பிள்ளையோட நிக்கிறது நீங்கள். பால் குடுக்கிறதுக்கும் கூச்சப்படாதேங்கோ, கடையிலயோ பஸ்ஸிலயோ பால் குடுக்கிற தாயை எழும்பச் சொல்லேலாது, 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில இருக்கு.

எங்க போறது எண்டு கேட்டா, முதல் கிழமை கிளெமென்ட்ஸ் ரோட்டில இருக்கிற பெரிய லைப்ரரிக்கு மட்டும் போங்கோ. சூடு இருக்கு, லிஃப்ட் இருக்கு, பெரியவருக்குப் புத்தகம், ஆரும் காசு கேக்கமாட்டினம். சின்னப் பிள்ளையளுக்குப் பாட்டு வகுப்பு எந்த நாள் எண்டு அங்க கேளுங்கோ, வேற அம்மாக்களையும் காணலாம். அது பழகினாப் பிறகு மனோர் பார்க் முருகன் கோயில், அதே எலிசபெத் லைனில கிட்டத்தான், வெள்ளிக்கிழமை சனம் கூட, கிழமைநாள் காலமை போனா ஆறுதலாக் கும்பிடலாம். பெரியவருக்கு மூண்டு வயசு முடிஞ்சு வாற அடுத்த தவணையில இருந்து நேர்சறி கிழமைக்கு 15 மணித்தியாலம் இலவசம், இப்பவே ரெண்டு மூண்டு நேர்சறியைப் போய்ப் பார்த்துப் பேரைப் பதிஞ்சு வையுங்கோ, நடந்து போற தூரத்தில இருக்கிறதாப் பாருங்கோ.

பக்கி போர்ட் வாங்க முதல் உங்கட புஷ்செயாரின்ர பின் சட்டத்தையும் சில்லையும் வடிவாத் தெரியிற மாதிரி ஒரு படம் எடுத்துப் போடுங்கோ தங்கச்சி, எல்லாப் பலகையும் எல்லாத்திலயும் கொழுவாது, எது சரிவரும் எண்டு பார்த்துச் சொல்லுறன். என்னட்ட ஒரு பழைய பலகை கிடக்கு, அது கொழுவும் எண்டா வந்து எடுத்துக்கொண்டு போங்கோ.