கன்ஸ்ட்ரக்டர் இன்ஹெரிட் ஆகாது என்றால் பேரன்டின் கன்ஸ்ட்ரக்டர் ஏன் ஓடுகிறது?

ஜாவாவில் கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கோட்) இன்ஹெரிட் ஆகாது, அதாவது பேரன்ட் கிளாஸிலிருந்து சைல்டு கிளாஸுக்கு வாரிசாக வராது என்கிறார்கள், ஆனால் சைல்டு கிளாஸுக்கு ஆப்ஜெக்ட் போட்டால் பேரன்டின் கன்ஸ்ட்ரக்டரும் ஓடுகிறதே, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் சரி. வாரிசாகக் கிடைப்பது வேறு, கூப்பிடப்படுவது வேறு.

‘கணக்கு’ என்ற கிளாஸில் கணக்கு எண்ணை வாங்கிக்கொள்ளும் கன்ஸ்ட்ரக்டர் ஒன்று மட்டும் இருக்கிறது. ‘சேமிப்புக் கணக்கு’ அதைப் பேரன்டாக வைத்து எக்ஸ்டெண்ட் செய்கிறது, உள்ளே ஒரு வரிகூட இல்லை. கன்ஸ்ட்ரக்டர் இன்ஹெரிட் ஆகுமென்றால், எண்ணைக் கொடுத்து நேராக ஒரு சேமிப்புக் கணக்கை உருவாக்க முடிய வேண்டும். முடியாது. அந்தக் காலி கிளாஸையே கம்பைலர் ஏற்காது. நீங்கள் எழுதாத கன்ஸ்ட்ரக்டரை அது தானே வைத்து, உள்ளே சூப்பர்() என்று பேரன்டின் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடும் வரியைச் சேர்க்கும். மேலே ‘கணக்கு’ கிளாஸில் போய்ப் பார்த்தால் ஆர்க்யுமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் கிடையாது. ஒன்றுமே எழுதாத இடத்தில் எர்ரர் வந்தால் யாருக்கும் குழப்பம்தான்.

பேரன்டின் கன்ஸ்ட்ரக்டர் ஓடுவதால் பேரன்டுக்கென்று தனி ஆப்ஜெக்ட் உருவாவதில்லை. இருப்பது ஒன்றே ஒன்று; அதில் பேரன்டுக்குரிய ஃபீல்டுகளைப் பேரன்ட் நிரப்புகிறது, அவ்வளவுதான்.

இன்டர்வியூவில் எல்லோரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நானாக இருந்தால் அடுத்ததைத்தான் கேட்பேன்: பேரன்டின் கன்ஸ்ட்ரக்டர் ஒரு மெத்தடைக் கூப்பிடுகிறது, அதைச் சைல்டு ஓவர்ரைடு செய்திருக்கிறது (அதே மெத்தடைத் தன் விதத்தில் மாற்றி எழுதியிருக்கிறது). எது ஓடும்? ஜாவாவில் சைல்டுடையது ஓடும். ஆனால் சூப்பர்() முடிந்த பிறகுதான் சைல்டின் ஃபீல்டுகளுக்கு மதிப்பு ஏறும். சைல்டில் நீங்கள் அறிவித்த இடத்திலேயே நியூ போட்டு வைத்த லிஸ்ட், அந்த நேரத்தில் இன்னும் நல் (null), அதாவது எதுவும் இல்லாத நிலை. அந்த மெத்தட் லிஸ்டைத் தொட்டால் நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் என்ற எர்ரர் வந்து நிற்கும், அறிவித்த வரியைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். சி++ இந்த வம்பே வேண்டாமென்று பேரன்டின் மெத்தடையே ஓட்டும். சி ஷார்ப்பும் ஜாவாவைப் போல் சைல்டுடையதைத்தான் ஓட்டும். ஆனால் அறிவிக்கும்போதே கொடுத்த மதிப்புகள் அங்கே முன்கூட்டியே ஏறிவிடுவதால் லிஸ்ட் தயாராக இருக்கும்.

பைத்தானில் கன்ஸ்ட்ரக்டரின் வேலையைச் செய்யும் இனிட் (__init__) சாதாரண மெத்தட் மாதிரி இன்ஹெரிட் ஆகும். சைல்டில் நீங்களே ஒன்று எழுதிவிட்டால், சூப்பர் வழியாகக் கூப்பிடாதவரை பேரன்டுடையது ஓடாது.

2025இல் வந்த ஜாவா 25இல் சூப்பர்() வரிக்கு முன்னாலும் கோட் எழுதலாம், சைல்டின் ஃபீல்டுக்கு அங்கேயே மதிப்பு கொடுக்கலாம். அந்த நல் தொல்லையை இதை வைத்துத் தவிர்க்க முடியும். இருந்தாலும் ஓவர்ரைடு செய்யக்கூடிய மெத்தடைக் கன்ஸ்ட்ரக்டருக்குள் கூப்பிடும் கோட் ரிவ்யூவுக்கு வந்தால் நான் திருப்பித்தான் அனுப்புவேன்.