அமெரிக்கத் தொழிற்கல்லூரிகளும் அரசு உதவிப் பணமும்: வாசகர் கேள்விகள்

மெடிக்கல் அசிஸ்டென்ட், அழகுக்கலை, வெல்டிங் என்று தொழில் கற்றுத்தரும் தனியார் கல்லூரிகள் பல, 1965-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் ‘டைட்டில் ஃபோர்’ பிரிவில் தரும் பணத்தை நம்பித்தான் ஓடுகின்றன. அதில் பெரும்பகுதி மாணவர் தலையில் ஏறும் கடன். கல்லூரி அந்தப் பணத்துக்குக் காப்பாளர் மட்டுமே. கீழே உள்ள பதில்களை அந்த நினைப்போடு படியுங்கள்.

கேள்வி: கல்லூரியின் நிதியுதவிப் பிரிவில் வேலை செய்கிறேன். 900 மணி நேரப் படிப்பில் சேர்ந்த ஒரு மாணவி முதல் பாதியிலேயே நின்றுவிட்டார். அட்டவணைப்படி அதுவரை 180 மணி நேரம். அவர் வந்தது 140 மணி நேரம்தான். அவர் பெயரில் 5,000 டாலர் அரசு உதவி வந்துவிட்டது. அரசுக்கு எவ்வளவு திருப்ப வேண்டும்?

900 மணி நேரம் 450, 450 என இரண்டு தவணையாகப் பிரியும். முதல் தவணையின் 450-ஐ வைத்துத்தான் கணக்கு. பலரும் தடுக்கி விழுவது அடுத்த படியில். மாணவி உட்கார்ந்த 140 மணி நேரத்தை எடுக்கக் கூடாது. கடைசியாக வந்த நாள் வரை அட்டவணையில் இருந்த 180-ஐ எடுக்க வேண்டும். 180-ஐ 450-ஆல் வகுத்தால் 40 சதவீதம். ஆக 2,000 டாலர் அவருக்கு உரியது, மீதி 3,000 திரும்ப வேண்டியது. 140-ஐப் போட்டிருந்தால் 31 சதவீதம்தான் வரும். நீங்கள் கூடுதலாகத் திருப்பிவிடுவீர்கள், அந்தக் குறை மாணவியின் பாக்கியாக வந்து நிற்கும்.

அந்த 3,000 முழுவதும் கல்லூரி தர வேண்டியதா என்பது கட்டணத்தைப் பொறுத்தது. அந்தத் தவணைக்கான கட்டணத்தில் 60 சதவீதம் (மாணவிக்கு உரிய 40 போக மீதி), திரும்ப வேண்டிய தொகை, இரண்டில் எது குறைவோ அதுவே கல்லூரியின் பங்கு. கட்டணம் 6,000 என்றால் 60 சதவீதம் 3,600. அதைவிட 3,000 குறைவு, எனவே முழுவதையும் கல்லூரிதான் கட்ட வேண்டும். முதலில் வட்டிச் சலுகை இல்லாத கடன், பிறகு சலுகைக் கடன், அதற்குப் பின் பெற்றோர் வாங்கிய பிளஸ் கடன், கடைசியாகத் திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவித்தொகையான பெல் கிராண்ட் என்ற வரிசையில் திருப்புங்கள்.

தேதிகள் இன்னும் முக்கியம். வருகைப்பதிவு கட்டாயமான கல்லூரி, கடைசியாக வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் மாணவர் விலகியதை முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்த நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். “எப்படியும் வந்துவிடுவார்” என்று பெயரைப் பதிவேட்டிலேயே வைத்திருப்பதுதான் ஆடிட்டில் அடிக்கடி மாட்டுகிறது. தவணையில் 60 சதவீதத்தைத் தாண்டிய பிறகு விலகினால் திருப்ப எதுவும் இல்லை.

இன்னொன்று. பணத்தைத் திருப்பிய பின் அதே தொகையை மாணவியிடம் கேட்டு பில் அனுப்பும் வழக்கம் உண்டு. உங்கள் கட்டணத் திருப்பக் கொள்கை அதை அனுமதிக்கலாம். ஆனால் விலகும் முன்பே அவரை உட்காரவைத்து அந்தத் தொகையைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் மாணவர்களில் பாதிப் பேர் முன்னாள் ராணுவத்தினர். 90/10 விதியில், அவர்கள் படிப்புக்கு அரசு தரும் ‘ஜிஐ பில்’ பணத்தை 10 பக்கம்தானே வைக்க வேண்டும்?

முன்பு அப்படித்தான். லாப நோக்கில் நடக்கும் கல்லூரியின் வருவாயில் மத்திய அரசுப் பணம் 90 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 10 சதவீதமாவது வெளியிலிருந்து வர வேண்டும் என்பதே 90/10. 1992-ல் 85/15 என்று வந்த விதி, 1998-ல் 90/10 ஆனது. மத்திய அரசுப் பணம் அல்லாமல் வேறு யாராவது காசு கொடுத்துப் படிக்கிறார்களா என்று பார்ப்பதே அதன் நோக்கம். ராணுவத்தினர் பணம் 10 பக்கம் விழுந்ததால் சில கல்லூரிகள் அவர்களையே துரத்தித் துரத்திச் சேர்த்தன. 2021-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. 2023 ஜனவரி 1-லோ அதற்குப் பிறகோ தொடங்கும் நிதியாண்டுகளில், கட்டணத்துக்காக வரும் மத்திய அரசுக் கல்விப் பணம் எல்லாமே 90 பக்கம். நல்ல மாற்றம், காலம் தாழ்ந்து வந்தது.

உங்கள் வருவாய் 20 லட்சம் டாலர் என்றால் 2 லட்சமாவது வெளியிலிருந்து வர வேண்டும். மாணவர் கைக்காசு, வேலை கொடுப்பவர் கட்டும் கட்டணம், மாநில அரசு உதவி இவையெல்லாம் சேரும். கட்டணத்தில் நீங்களே தரும் தள்ளுபடி வருவாயே அல்ல. நீங்கள் கடன் கொடுத்திருந்தால், மாணவர் திருப்பிக் கட்டிய தொகை மட்டும்தான் கணக்கு. ஓராண்டு தவறினால் நிதியாண்டு முடிந்த 45 நாளுக்குள் கல்வித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தொடர்ந்து இரண்டாண்டு தவறினால் குறைந்தது இரண்டாண்டு தகுதி போய்விடும்.

கேள்வி: சேர்க்கைப் பிரிவில் இருக்கிறேன். ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று ‘போனஸ்’ தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள். சேர்க்கை எண்ணிக்கையை வைத்துக் கமிஷன், போனஸ் தருவதை 1992 முதல் சட்டம் தடுக்கிறது. இடையில் சேர்த்த விதிவிலக்குகளும் 2011 ஜூலையில் நீங்கிவிட்டன. பரிசுக் கூப்பனாகக் கொடுத்தாலும் அதேதான். உங்கள் மேலாளருக்கும் இது பொருந்தும்.

கேள்வி: என் மனைவி ஹெச்-4 விசாவில் இருக்கிறார். ஒரு கல்லூரியில் “ஃபாஃப்ஸா (மத்திய அரசு உதவிக்கான விண்ணப்பம்) போடுங்கள், பார்க்கலாம்” என்கிறார்கள். உதவி கிடைக்குமா?

கிடைக்காது. ஹெச்-4, எஃப்-1 விசாக்காரர்களுக்கு அரசு உதவி இல்லை. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருப்பது மட்டும் போதாது, கார்டு கைக்கு வந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் பிறந்த உங்கள் பிள்ளைக்கு, பெற்றோர் விசா எதுவானாலும், தகுதி உண்டு.

கேள்வி: எங்கள் கையேட்டில் “85 சதவீதம் பேருக்கு வேலை” என்று போடலாமா? ஓட்டலில் வேலை செய்பவரையும் சேர்த்தால் அந்த எண் வருகிறது.

படித்த துறையில் வேலை இல்லையென்றால் சேர்க்காதீர்கள். கொரிந்தியன் குழுமத்தைச் சேர்ந்த ஹீல்ட் கல்லூரிக்கு 2015 ஏப்ரலில் கல்வித் துறை கிட்டத்தட்ட 3 கோடி டாலர் அபராதம் விதித்ததே இதற்குத்தான். கணக்கியல் படித்தவரின் துரித உணவக வேலையைக் கணக்கில் காட்டினார்கள். தற்காலிக ஆள் அனுப்பும் நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்து, தங்கள் வளாகத்திலேயே சில நாள் வேலை போட்டுக் காட்டினார்கள். அந்த மாதமே கொரிந்தியன் மிச்சமிருந்த வளாகங்களை மூடியது. படித்தவர்களின் கடன் மட்டும் மூடப்படவில்லை. 2022 ஜூனில்தான் அரசு 5,60,000 பேருடைய 580 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்தது.

ஒவ்வொரு பெயருக்கும் முதலாளியின் பெயர், பதவி, வேலையில் சேர்ந்த தேதி, உறுதி செய்தவர் கையெழுத்து இந்த நான்கும் கோப்பில் இருக்கட்டும். படிப்பு முடியும் முன்பே இருந்த வேலையை நீக்குங்கள். மிஞ்சுவது 52 என்றால் 52 என்றே அச்சிடுங்கள்.