பாலை மரத்தடியில் பாடம் சொல்பவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

வன்னியில் இயங்கும் சமூகச் சுற்றாடல் கல்வி நிலையங்களில் பணிபுரிவோர் பற்றி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் ஐந்துக்கு இம்முறை பதில் தருகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக அப்படியொரு நிலையத்தில் இணைப்பாளராக இருப்பதால், இவற்றுட் சில கேள்விகளை நான் முன்னரே நேரிலும் எதிர்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்தும் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகவில்லை. ஊருக்கு அருகிலுள்ள சுற்றாடல் கல்வி நிலையமொன்றில் கள உதவியாளர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். காடு காட்டுவதற்கும் ஒரு சம்பளமா என்று உறவினர் கேட்கிறார்கள். அங்கே உள்ளவர்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள்?
– ஒரு தாய், மாங்குளம்

பதில்: அம்மா, உங்கள் உறவினர்மீது குறை சொல்ல மாட்டேன். தொப்பி போட்ட ஒருவர் முன்னே நடக்க, நாற்பது பிள்ளைகள் பின்னே நடப்பது மட்டுந்தான் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும். அந்த நடை தொடங்குவதற்கு முன் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

வன்னியில் ஒரு காட்டு வழியைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவதென்றால், அது மிதிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட நிலந்தானா என்பதை உரிய அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். போர் 2009 இல் முடிந்தது. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. ஆனாலும் முகமாலை போன்ற இடங்களில் அகற்றும் பணி அதன் பிறகும் பல ஆண்டுகள் நீண்டது. ஆகவே எங்கள் நிலையத்தில் சேரும் கள உதவியாளர், பறவைகளின் பெயர்களைப் படிக்கும் முன்பே, மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டால் என்ன செய்வது, வழியை விட்டு ஓரடிகூட விலகாமல் பிள்ளைகளை எப்படி வரிசையில் நடத்துவது, மழை கரைத்த மண்ணில் துருப்பிடித்த இரும்பு தெரிந்தால் எவரையும் கிட்டப் போகவிடாமல் எப்படித் திருப்பிக் கூட்டிவருவது என்பவற்றைக் கற்றுக்கொள்கிறார். அடுத்ததாகப் பாம்புக்கடி முதலுதவி. கடித்த இடத்தைக் கீறக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது, கடியுண்ட பிள்ளையை நடக்கவிடக்கூடாது, நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை அவர் மனப்பாடமாகச் சொல்வதோடு, ஆளைப் படுக்கவைத்துச் செய்தும் காட்ட வேண்டும்.

இனி ஆட்களைப் பற்றி. நாற்றுமேடையைப் பார்ப்பவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா. காலை ஆறரை மணிக்கெல்லாம் வந்து, அரித்த மண்ணையும் ஆற்று மணலையும் மக்கிய மாட்டெருவையும் கலந்து பொலித்தீன் பைகளில் நிரப்புவார். நிரப்பியதும் பையின் அடியைத் தரையில் இரு தரம் தட்டி, நடுவே கட்டைவிரலால் ஒரு குழி வைப்பார். மருதும் நாவலும் விறுவிறென்று எழும்பிவிடும். பாலை மட்டும் அவசரப்படாது. மாதக்கணக்கில் உயரம் மாறாத பாலைக் கன்றுகளுக்கும் அவர் நாளும் தண்ணீர் ஊற்றி, களை பிடுங்கி, வேர் பையைத் துளைத்து நிலத்துள் இறங்கிவிடாதபடி இடம் மாற்றி வைப்பார். எங்களுக்கெல்லாம் ஒன்றுபோலத் தெரியும் ஆயிரம் பைகளில் எதில் எறும்பு புற்று வைத்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

காட்டு வழிகாட்டி, இளமையில் தேன் எடுக்கப் போய்க் காட்டைப் படித்த ஓர் ஐயா. பாலை பழுக்கும் வைகாசி, ஆனி மாதங்களில் கரடி மரமேறும். அடிமரத்தில் அது விட்டுச்சென்ற நகக் கீறல்களைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது அவர் விரலை அந்தக் கீறலுக்குள் வைத்து மேலிருந்து கீழாக இழுப்பார். பிறகு பக்கத்திலிருக்கும் பழைய கீறலையும் தொடச்சொல்லி, ஓரம் கூர்மையாக இருப்பது எது, மழுங்கியிருப்பது எது, எது இந்த வருடத்துக்குரியது என்று கேட்பார். பதில் வரும்வரை பேசமாட்டார். பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கட்டும் என்று அப்படிக் காத்திருப்பது எவ்வளவு கடினமான திறமை என்பது வகுப்பறையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

இவர்களோடு, வனவளத் திணைக்களத்துக்கும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் அனுமதிக் கடிதம் எழுதி, பெற்றோரின் ஒப்புதல் படிவங்களை எண்ணி அடுக்கி, கணக்கையும் பார்க்கும் ஒரு தங்கை இருக்கிறார். வாகனச் சாரதியும் சமையல் செய்பவரும் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. உங்கள் மகள் இப்படியொரு குழுவுக்குள்தான் போகப்போகிறார். சேர்வதற்கு முன் மூன்று விடயங்களைக் கேட்கச் சொல்லுங்கள்: எழுத்தில் நியமனக் கடிதம் தருவார்களா, களத்துக்குப் போகும்போது எப்போதும் இருவராக அனுப்புவார்களா, சம்பளத்துக்கான பணம் எத்தனை மாதங்களுக்குக் கையில் இருக்கிறது? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்தால் தயங்காமல் அனுப்புங்கள்.

கேள்வி: ஆண்டுக்கொரு முறை மாணவர்களை ஒரு சுற்றாடல் கல்வி நிலையத்துக்கு அழைத்துச் செல்கிறோம். சுற்றாடல் முன்னோடிப் பதக்கத்துக்கான கோவையில் படமும் அறிக்கையும் சேர்ந்துவிடுகின்றன. பிள்ளைகளிடம் மாற்றம் எதையும் காணவில்லை. ஒரே நாளில் உங்கள் பணியாளர்களால் என்னதான் செய்ய முடியும்?
– ஓர் ஆசிரியர், மல்லாவி

பதில்: ஒரே நாளில் அதிகம் செய்ய முடியாது, ஐயா. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் முன்னோடித் திட்டம் நல்ல திட்டமே. ஆனால் கோவையை நிரப்புவதற்காக வரும் வகுப்புக்கும் பார்ப்பதற்காக வரும் வகுப்புக்கும் உள்ள வேறுபாடு, பேருந்திலிருந்து இறங்கும்போதே எங்கள் பணியாளர்களுக்குப் புரிந்துவிடுகிறது. முன்னதில் பிள்ளைகளின் கையில் கொப்பி இருக்காது, ஆசிரியரின் கையில் கமரா இருக்கும்.

நான் கேட்டுக்கொள்வது இதுதான். தூரமான இடத்துக்கு ஒரு முறை போவதைவிட, உங்களுக்கு அருகிலுள்ள வவுனிக்குளத்துக்கு மூன்று முறை போங்கள். ஆவணியில், குளம் வற்றி அலைகரையில் மாடுகள் மேயும் காலத்தில் ஒரு முறை. வடகீழ்ப் பருவமழை பெய்து தண்ணீர் ஏறிய பிறகு, மார்கழியிலோ தையிலோ ஒரு முறை. பாலை பழுக்கும்போது ஒரு முறை. மூன்று தடவையும் அதே மருத மரத்தடியில், அதே குளக்கட்டில் நின்று, தண்ணீர் எங்கே நிற்கிறது, என்ன பறவை வந்திருக்கிறது என்று எழுதட்டும். எங்கள் பணியாளர் ஒருவரை அந்த மூன்று நாளுக்கும் உங்களிடம் அனுப்புவது, நாற்பது பிள்ளைகளை எங்களிடம் ஏற்றிவருவதைவிட மலிவு.

பெரிய பிள்ளைகள் இருந்தால், ஜனவரியில் ஆசிய நாடுகளெங்கும் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின்போது மன்னார் வங்காலைக்கு வாருங்கள். 2008 இல் சரணாலயமாகவும் 2010 இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட இடம் அது. விடியற்காலையில் ஊசிவால் வாத்துகளையும் பூநாரைகளையும் கூட்டங் கூட்டமாகப் பிரித்து எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவரின் அருகில் அரைமணி நேரம் பேசாமல் நிற்பது, எங்களிடமுள்ள படக்காட்சிகள் எல்லாவற்றையும்விடப் பயன்தரும்.

கேள்வி: இந்த வேலைக்குப் பட்டம் கட்டாயமா?
– ஒரு மாணவர், செட்டிகுளம்

பதில்: இணைப்பாளர், ஆய்வு உதவியாளர் பதவிகளுக்குப் பெரும்பாலும் கேட்கிறார்கள். 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. படிக்க முடிந்தால் கட்டாயம் படியுங்கள்.

ஆனால் பட்டம் பெற்றவர்களாகிய நாங்கள் செய்த பிழையொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் காட்டு வழியில் முதன்முதலாக மரங்களுக்குப் பெயர்ப் பலகை வைத்தபோது, தமிழ்நாட்டுத் தாவர நூல்களைப் பார்த்துப் பெயர்களை எழுதினோம். முதிரை மரத்தின் முன் நின்ற பிள்ளைகளுக்கு அது என்ன மரமென்றே புரியவில்லை. அகராதியில் முதிரை என்ற சொல்லுக்குப் பயறு வகை என்றும் பொருள் உண்டு. வன்னியில் அது வீட்டுக் கதவும் கட்டிலும் ஆகும் மரம். வழிகாட்டி ஐயா பலகையை வாசித்துவிட்டு, 'தம்பி, இந்த மரத்தில செய்த கட்டிலிலதான் இந்தப் பிள்ளையள் படுக்கிறது. அந்தப் பேரைப் போடுங்கோ' என்றார். எல்லாப் பலகைகளையும் கழற்றி, அவரையும் நாற்றுமேடை அக்காவையும் உட்காரவைத்து ஒவ்வொரு பெயராகக் கேட்டு மறுபடி எழுதினோம். பாடசாலையை எட்டாம் வகுப்போடு விட்ட அந்த ஐயாவின் சம்பளம் அப்போது எங்களிற் பட்டதாரி உதவியாளர் பெற்றதில் பாதிதான். அதைச் சமப்படுத்த எங்களுக்கு நான்கு ஆண்டுகள் எடுத்தன. அந்தத் தாமதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் வருந்துகிறது.

கேள்வி: ஒரே இரவில் இரண்டு ஏக்கர் வயலை யானை துவைத்துவிட்டுப் போனது. உங்கள் நிலையத்திலிருந்து வந்த பிள்ளையோ, யானையை நேசிக்க வேண்டும் என்று என் மகனுக்குப் பாடம் நடத்துகிறது. எங்கள் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரிகிறதா?
– ஒரு கமக்காரர், நெடுங்கேணி

பதில்: ஐயா, அந்தப் பாடத்தை நடத்திய பிள்ளை எந்த நிலையத்தைச் சேர்ந்தவர் என்றாலும், அதை அப்படி நடத்தியது தவறு. வளர்ந்த யானையொன்று நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ உணவு உண்ணும். அது உங்கள் வயலில் நின்ற இரவை நீங்கள் கடந்திருக்கிறீர்கள். உங்களிடம் வருபவர் முதலில் உங்கள் வரம்பில் நின்று, கதிர் எவ்வளவு போனது, எந்தப் பக்கத்தால் வந்தது, எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதியிருக்க வேண்டும்.

எங்கள் பணியாளர் ஐவரில் மூவர் தாங்களும் வயல் செய்பவர்கள். மாசி மாதத்தில் அறுவடைக்கு முன்னான வாரங்களில் அவர்கள் இரவு காவலிருந்துவிட்டுச் சிவந்த கண்ணோடு வேலைக்கு வருவார்கள். அவர்களை அனுப்பி 'யானையை நேசியுங்கள்' என்று சொல்லச் சொல்வதற்கு எனக்கு வாய் வராது. அவர்கள் சொல்லித்தருவது வேறு: தனியே வரும் ஆண் யானையை எப்படி அடையாளம் காண்பது, டோர்ச் வெளிச்சத்தை எங்கே பிடிக்கக்கூடாது, குடித்துவிட்டு இரவில் சைக்கிளில் வருவது ஏன் ஆபத்து, பன்றிக்கென்று வைக்கும் வாய்வெடி யானைக்கன்றின் தாடையைப் பிளந்து அதை நாட்கணக்கில் பட்டினியால் சாகவைப்பது எப்படி என்பவை.

வேலியைப் பற்றியும் ஒரு சொல். காட்டுக்குள்ளே இரு திணைக்களங்களின் எல்லைக் கோட்டில் போடப்படும் மின்வேலியின் இரு பக்கமும் யானை நிற்கும். அதனால் உங்கள் வயலுக்குப் பாதுகாப்பில்லை. ஊரைச் சுற்றியும், விதைத்த பின் வயலைச் சுற்றியும் கமக்காரர் அமைப்பே போட்டு, பராமரித்து, அறுவடை முடிந்ததும் கழற்றிவைக்கும் பருவகால வேலி இலங்கையின் வேறு மாவட்டங்களில் நல்ல பலன் தந்திருக்கிறது. கழற்றிய பின் அரிதாளை யானை மேய்ந்துவிட்டுப் போகும், உங்களுக்கு நட்டமில்லை. 2023 இல் மட்டும் இந்த நாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட யானைகளும், யானை தாக்கி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மனிதர்களும் இறந்துபோனார்கள். இரண்டு தொகையையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவரே உங்கள் மகனுக்குப் பாடம் சொல்லத் தகுந்தவர். உங்கள் கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பினால், வயல் செய்யும் எங்கள் பணியாளர் இருவர் வந்து வேலியின் செலவுக் கணக்கை உங்களோடு இருந்து போட்டுத் தருவார்கள்.

கேள்வி: மூன்று ஆண்டுத் திட்டமொன்றில் சேர்ந்து ஒரு நிலையத்தில் வேலை செய்தேன். திட்டம் முடிந்தது, கடைசி மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போகவா?
– ஓர் இளம் பணியாளர், கிளிநொச்சி

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். எனக்கும் ஒரு காலத்தில் இதே நிலை வந்தது; நிதி தந்தவர்கள் வேறு மாவட்டத்துக்குப் போய்விட, வீட்டில் கடன் வாங்கி ஐந்து மாதம் ஓட்டினோம். நாற்றுமேடை அக்கா மட்டும் சம்பளமில்லாத நாட்களிலும் வந்து தண்ணீர் ஊற்றினார். அதைப் பெருமையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது, ஏனென்றால் அந்தத் தண்ணீருக்கான கூலியை நாங்கள் கொடுத்திருக்க வேண்டும். பாலைக் கன்றொன்று மரமாகப் பல பத்தாண்டுகள் வேண்டும். அதை வளர்ப்பவரின் நியமனமோ மூன்று ஆண்டு. இந்தப் பொருத்தமின்மையைத் தீர்க்கும் பொறுப்பு நிதி தருபவர்களுக்கும் பிரதேச சபைகளுக்கும் உரியது; உங்கள் தியாகத்தால் அடைக்க வேண்டிய ஓட்டை அல்ல அது.

சம்பளத்தைக் கேட்க வெட்கப்படாதீர்கள். நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதமும் தொழில் வழங்குநரின் பங்கு 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு அவர்களின் 3 வீதமும் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். கட்டியிருக்காவிட்டால் அதையும் முறைப்பாட்டில் சேருங்கள்.

கொழும்புக்குப் போவதா என்பதை நான் தீர்மானிக்க முடியாது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். போக வேண்டியிருந்தால் போங்கள், ஒருவரும் உங்களைக் குறைவாக நினைக்க உரிமையில்லை. போவதென்றால் ஒரு வேலையை மட்டும் முடித்துவிட்டுப் போங்கள். நீங்கள் மூன்று ஆண்டும் நாளுக்கு நாள் எழுதிய மழைப் பதிவேடும் பறவைப் பதிவேடும் உங்களிடம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரணைமடுக் குளத்தின் தண்ணீரை நம்பி விதைக்கும் ஊரில் அவை பெறுமதியானவை. அவற்றைப் படமெடுத்து உங்களிடம் வைத்துக்கொண்டு, மூலப் பிரதியை அருகிலுள்ள பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியரிடம் கையொப்பம் பெற்றுக் கொடுங்கள். ஐப்பசியில் மழை தொடங்கும்போது மழைமானியைக் காலை எட்டரைக்குப் பார்த்து எழுதப்போவது யார் என்பதையும் கேட்டறிந்து, கடைசிப் பக்கத்தில் உங்கள் கையால் அந்தப் பெயரை எழுதிவிடுங்கள்.