கேள்வி பதில்: ஃபைனல் ஃபேன்டஸி 7 வாங்கலாமா?

கேள்வி: பழைய சாமான் கடையில் பிளேஸ்டேஷன் 'ஃபைனல் ஃபேன்டஸி 7' கிடக்கிறது. இன்றும் ஆடத் தகுமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: தாராளமாக. 1997இல் வந்த இந்த ஆட்டத்துக்கு 3 டிஸ்க். மூன்றையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இரண்டாவதில் கீறல் இருந்தால் பல மணி நேரம் ஆடிய பிறகுதான் தெரியும்; படம் அப்படியே நின்றுவிடும். ஆடியதைச் சேமிக்க மெமரி கார்டும் வேண்டும்: அதில் மொத்தம் 15 பிளாக் (சேமிப்பு இடம்), ஒரு சேவ் ஒரு பிளாக்கைப் பிடிக்கும்.

உருவங்கள் கட்டை பொம்மைகள்தான், அதை விடுங்கள். மந்திர சக்தி தரும் உருண்டைகளான மட்டீரியாவில்தான் சுவை. ஆயுதத்தின் இணைந்த துளைகளில் 'ஆல்', 'ரெஸ்டோர்' இரண்டையும் பொருத்தினால் ஒரே மந்திரம் குழு முழுவதையும் குணப்படுத்தும். முதல் நிலையில் சண்டைக்கு ஒரு முறைதான். சதுப்பு நிலப் பாம்பிடம் ஆரம்பத்திலேயே வம்பு வேண்டாம். பண்ணையில் 2000 கில்லுக்கு (ஆட்டத்தின் பணம்) 'சொகோபோ லூர்' என்ற மட்டீரியாவை வாங்கிச் சொகோபோ என்ற பறவையைப் பிடித்து, அதன்மேல் ஏறிக் கடந்துவிடுங்கள்.