பச்சைக் கோழிக்கறி: வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவரின் பதில்களும்

கும்பகோணம் வாசகர்: ஜப்பானில் கோழியைப் பச்சையாகவே உண்கிறார்களாமே, நம் நாட்டுக்கோழியை அப்படிச் சாப்பிடலாமா?

கூடாது. ககோஷிமா, மியாசாகி பகுதிகளில் அவ்வழக்கம் உண்டு. பச்சைக் கறியால் நோயுறுவோர் அந்நாட்டிலும் உண்டு. கோழிக்கு எந்தத் தொல்லையும் தராமல் அதன் குடலில் வாழும் கேம்பைலோபாக்டர், சால்மொனெல்லா கிருமிகள், அறுத்துக் குடலை உருவும்போது கறியில் படிந்துவிடுகின்றன. வயலில் மேய்ந்தாலும் நாட்டுக்கோழிக்கும் குடல் உண்டல்லவா? கேம்பைலோபாக்டர் சில நூறு உள்ளே போனாலே போதும். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் பெரும்பாலும் 2 முதல் 5 நாள் கழித்தே தலைகாட்டுவதால், பழி முந்தைய நாள் சாப்பிட்ட ஓட்டல் சாம்பாரின் மேல் விழுகிறது. அரிதாகச் சிலருக்கு, அடுத்த சில வாரங்களில் கைகால்களைச் செயலிழக்கச் செய்யும் கில்லன்-பாரே நோயும் தொடர்ந்து வரலாம்.

மன்னார்குடி வாசகர்: தயிர், எலுமிச்சை, மஞ்சள் தடவி இரவு முழுவதும் ஊறவைத்தால்?

மசாலா இறங்கும், கிருமிகள் ஒழிந்துவிடும் என்று நம்ப முடியாது. ஊறுவதும் ஃபிரிட்ஜில்தான் ஊற வேண்டும்.

திருவாரூர் வாசகர்: ஃப்ரீசரில் வைத்தால்?

சால்மொனெல்லா உறைந்து கிடக்கும், பனி விட்டதும் எழும்.

மயிலாடுதுறை வாசகி: வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கிறோமே, ஐயா?

நல்லெண்ணெய் இருக்கட்டும், முட்டையை அவித்துக் கொடுங்கள். சால்மொனெல்லாவில் ஒரு வகை, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் புகுந்துவிடும் என்பதால், ஓட்டில் கீறல் இல்லை என்பதை நம்பிப் பயனில்லை. அவித்த முட்டையின் புரதந்தான் நன்றாகச் செரிக்கவும் செய்யும். அறுவடை முடிந்த வயல்களில் மேயும் வாத்துகளின் முட்டைக்கும் இதே பதில்தான்.

பாபநாசம் வாசகர்: கறியைக் கழுவாதீர்கள் என்று சென்ற முறை எழுதியிருந்தீர்கள். இரத்தமும் இறகுமாக வரும் கறியை எந்த வீட்டில் கழுவாமல் சமைப்பார்கள்?

கோபம் நியாயமானது. இறகு பிடுங்கும் எந்திரத்திலிருந்து வரும் கோழியைப் பார்த்தவர் எவரும் அப்படித்தான் கேட்பார். ஆனால் கழுவுவதால் கிருமி போவதில்லை. குழாயை வேகமாகத் திறந்துவிட்டால் கிருமி நீர்த்துளிகளோடு தெறித்து, பக்கத்தில் அலசி வைத்த கொத்தமல்லியில் போய் உட்காரும்.

அதே வாசகர்: மஞ்சள் நீரில் கழுவினால்? என் பாட்டி காலத்திலிருந்து எவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே.

உங்கள் பாட்டியைக் காத்தது மஞ்சள் அன்று, கொதித்த குழம்பு. கழுவித்தான் தீர வேண்டுமென்றால், கொல்லைப்புறத்தில் அகலமான பாத்திரத்தில் நீரை நிரப்பி, அதற்குள் கறியை மெதுவாக அலசி, நீரைத் தெறிக்காமல் சாக்கடையில் ஊற்றிவிட்டு, பாத்திரத்தையும் கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அரிவாள்மனையைப் பற்றி மீண்டும் சொல்கிறேன்: அலகு பலகையில் பொருந்தும் இடுக்கில் கறிநீர் தங்கும். அதே மனையில் பச்சடிக்கு வெங்காயம் அரிந்தால், வெங்காயம் அடுப்பைக் காணாமலேயே இலைக்கு வந்துவிடும். கறிக்குத் தனி மனை வேண்டும்.

பட்டுக்கோட்டை வாசகர்: வினிகரில் ஊறவைத்தால்?

மன்னார்குடி வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நாகப்பட்டினம் வாசகி: வெந்ததை எப்படி அறிவது?

நிறத்தை நம்பாதீர்கள். வெந்த கறியும் எலும்பருகே சிவந்திருக்கலாம், வேகாததும் வெளுத்திருக்கலாம். தொடையின் தடித்த பகுதிக்குள் 74 டிகிரி செல்சியஸ் வெப்பம் எட்ட வேண்டும். நன்கு கொதித்த குழம்பில் சிறு துண்டுகளுக்கு இது எளிது. முழுக்கோழியைச் சுடுபவர்கள்தாம் வெப்பமானி வாங்க வேண்டும்.

திருத்துறைப்பூண்டி வாசகர்: நேற்று முதல் இரத்தத்துடன் வயிற்றுப்போக்கு, காய்ச்சல். என்ன மாத்திரை போடலாம்?

நான் கால்நடை மருத்துவர். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசலைக் குடித்துக்கொண்டே இன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.